வெள்ளை தெரியாமல்

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: மசிக்காரர், அவர் மனைவி, முந்தின நாள் கணவன் வீட்டிலிருந்து வந்திருந்த மகள், மனைவியின் தம்பியான வேன்காரன், கலைக்கூடத்திலிருந்து வந்த அம்மையார், அவருக்குப் பெட்டி தூக்கி வந்த மீசைக்காரர். இதுபோக, மசிக்காரரின் மூக்குக்குக் குழாய் வழியே காற்று விட்டுக்கொண்டு, சக்கர வண்டியில் நின்ற இரும்பு உருளை ஒன்று. அதையும் ஆளாகச் சேர்த்துக்கொள்ளலாம். அத்தான் சொன்ன பேச்சைத் தட்டாமல் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான் என்று தம்பி சொல்லிக்கொண்டிருந்தான்.

அறை சின்னது. வீட்டிலேயே நல்ல அறையும் அதுதான். கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருந்தது, ஆனால் அந்த ஜன்னலை யாரும் பார்த்ததில்லை. அதன் மேல் கறுப்புத் துணி, துணியின் மேல் அட்டை, அட்டையின் மேல் ஆணி. வெயில் நிறத்தைத் தின்றுவிடும் என்பது மசிக்காரரின் சட்டம். இரண்டு சுவரை அடைத்துத் தட்டையான இழுப்பறைகள். எப்போதோ மூடிப்போன நில அளவை அலுவலகத்திலிருந்து வரைபட அலமாரியைக் கழற்றி, கை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தது. விளக்கின் சுவிட்சும் அறைக்கு வெளியேதான். வெளியே நின்று விளக்கைப் போட்டு, உள்ளே போய்ப் பார்த்து, வெளியே வந்து அணைத்து, கதவைச் சாத்தி, இரண்டு சுற்றுப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். தினமும் சாயங்காலம் இதுதான் அவருக்குச் சாமி கும்பிடுவது.

மசிக்காரர் என்பது அச்சகத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். ஆஃப்செட் மெஷினில் நின்றே தலை நரைத்தவர். நகக்கண்ணில் ஏறிய மசி கல்யாணத்தன்றுகூட இறங்கவில்லை. மனைவி அதே தெருக்கோடியில் இருந்த பைண்டிங் கடையில் கட்டிங் மெஷின் ஓட்டினாள். அங்கே அவள் பிளேடக்கா. அவர் அச்சடித்ததை அவள் வெட்டினாள். பழக்கமும் அப்படித்தான், கல்யாணமும் அப்படித்தான். "அவ வெட்டினா நூல் பிசகாது" என்று அவர் அச்சகம் முழுக்கச் சொல்லித் திரிந்த காலம் ஒன்று இருந்தது. அதைவிடப் பெரிய காதல் வசனம் எதுவும் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவளும் எதிர்பார்த்ததில்லை.

முதல் தாள் குப்பையில்தான் கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் நடத்திய நூலகம் ஒன்று மூடப்பட்டு, அதன் கழிவுக் காகிதம் அச்சகத்தின் பின்கட்டுக்கு வந்திருந்தது. வேலை முடிந்து கை துடைக்கத் தாள் தேடினவர் கையில் அது அகப்பட்டது. கனத்த தாள். ஒரு தடித்த கறுப்புக் கோடு, அதை மோதப் போவது போல ஒரு சிவப்புக் கட்டம். வேறொன்றும் இல்லை. கட்டை விரலால் தடவினார். தடவினவர் அப்படியே குந்திவிட்டார்.

வீட்டுக்குக் கொண்டு வந்து மனைவியிடம் காட்டினார்.

"இது நம்ம மெஷின்ல வந்தது இல்ல. கல்லுல வரைஞ்சு, கல்லுலேர்ந்து எடுத்தது. தடவிப் பாரு, கறுப்பு மேல எழும்பி நிக்குது."

"என்ன படம் இது?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா இம்மாம் பெரிய காகிதம்?"

அவர் சிரித்தார். அன்றைக்கு ஆரம்பித்த பைத்தியம். பழைய புத்தகக் கடை, உடைசல் கடை, ஊரைவிட்டுப் போகிற தூதரகத்து ஆட்களின் வீட்டுச் சாமான் விற்பனை, செத்துப்போன ஓவிய வாத்தியாரின் பெட்டி என்று அலைந்தார். போன நூற்றாண்டின் பெரிய கைகள் கல்லிலும் செம்பிலும் மரத்திலும் செய்து, தாங்களே பார்த்துப் பார்த்து எடுத்த அச்சுகள். உலகத்துக்கு எங்கெங்கோ போக வேண்டியவை, வழி தவறி இந்த ஊருக்கு வந்து சட்டைத்துணிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்தவை. தேடித் தேடிப் பொறுக்கினார். வரைந்தவர்களின் பெயர் அவர் வாயில் சரியாக நுழையாது. அதனால் தாளுக்கு அவரே பெயர் வைத்தார். முதல் தாள் 'ஓடிப்போன சிவப்பு'. மஞ்சளின் நடுவே இரண்டு கோடு புருவத்தை நெரித்துக்கொண்டு நிற்பது 'மாமியார்'. கறுப்பின் மேல் கறுப்பு 'கரண்ட் போச்சு'. மங்கலான நீலம் ஒன்று தாளின் அடியில் படுத்திருக்கும். மேலே முழுக்க வெறுமை. அது 'தூங்குற நீலம்'. பிளேடக்காவுக்குப் பிடித்தது அது ஒன்றுதான். நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறவளுக்குப் படுத்துக் கிடக்கிற எதைப் பார்த்தாலும் பிடிக்கும்.

மகள் சமையலறையில் அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்து படித்து வளர்ந்தாள். பரீட்சைக் காலத்தில் ஒரே ஒருமுறை, "அந்த ரூம்ல ஒரு மேஜை போட்டுக்கவாப்பா?" என்று கேட்டாள். "மூச்சு விட்டா ஈரம் ஏறும்மா" என்றார். மறுபடி அவள் கேட்கவில்லை. "எனக்கு ஒரு தம்பி இருக்கான். காகிதத்துல செஞ்சது. அவனுக்குத் தனி ரூம்" என்று சிநேகிதிகளிடம் சொல்வாள். சிநேகிதிகள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

பிறகு மசிக்காரரின் நெஞ்சு கெட்டது. மெஷின் கழுவுகிற கரைப்பானும் மசியும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்றன. மாடிப்படி ஏறுவது நின்றது, நடப்பது குறைந்தது, கடைசியில் உருளை வந்தது. சாவதைப் பற்றி அவர் பேசவில்லை. தாள்களைப் பற்றித்தான் பேசினார்.

"நான் போனதும் உன் தம்பி வேன்ல ஏத்தி எடைக்குப் போட்டுடுவான்."

"ஏன் அத்தான், கடலை மடிச்சுக் குடுக்கலாம். நல்ல கெட்டிக் காகிதம்" என்றான் தம்பி.

அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். மசிக்காரர் இரண்டு நாள் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கலைக்கூடத்து அம்மையார் முதல் தடவை வந்தது போன வருஷம். மசிக்காரர் எத்தனையோ முறை ஆள் விட்டுக் கேட்டதற்கு ஒரு வழியாக வந்தார். நாலைந்து இழுப்பறை பார்த்ததுமே தரையில் உட்கார்ந்துவிட்டார். "இதெல்லாம் ஒரு ஆள் சேர்த்ததா?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் அவர் சொன்னது இது: புதுக் கட்டடம் கட்டுகிறோம், அதில் ஓர் அறை முழுக்க இவற்றுக்கே தருகிறோம், பிரிக்க மாட்டோம், விற்க மாட்டோம், வாசலில் உங்கள் பெயர் இருக்கும்.

"பேரு வேணாங்க. பிரிக்காம இருந்தா போதும்" என்றார் மசிக்காரர்.

அன்று ராத்திரி இருமாமல் தூங்கினார்.

கட்டடம் முடிகிற நேரத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வண்டியில் ஏற்றும்போது அறைச் சாவியை அவள் கையில் வைத்து அமுக்கினார். அந்த அறையைப் பூட்ட ஆரம்பித்த நாளிலிருந்து அந்தச் சாவி வேறு ஒரு கைக்குப் போனதில்லை.

"ஜன்னலத் திறக்காத. கையக் கழுவிட்டுத் தொடு. ஈரக் கையோட தொடாத. நடுவுல கை வெக்காத, ரெண்டு பக்கமும் புடிச்சுத் தூக்கு. பூச்சி இருக்கான்னு பாரு. ஒண்ணு மேல ஒண்ணு தேய்க்காத."

மூச்சு விட முடியாதவர் இத்தனையும் சொன்னார். எதைச் சொல்லவில்லையோ அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. சோற்றில் மண்ணைப் போடாதே என்று யாராவது சொல்லிவிட்டுப் போவார்களா?

கலைக்கூடத்திலிருந்து போன் வந்தது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒரு நாள் சொல்லுங்கள், ஆளோடு வந்து எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். அவள் ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொன்னாள். முகமூடிக்குள் அவர் வாய் கோணிச் சிரித்தது. முகமூடியை விலக்கி, "எல்லாத்தையும் கொஞ்சம் பார்த்து வை" என்றார்.

அவர் சொன்னது அறையைக் கூட்டித் துடைத்து வைக்கச் சொல்லி. அவள் கேட்டது வேறு.

அவள் அறையைத் திறந்து, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, அவர் பக்கத்தில் இல்லாமல், தாள்களைப் பார்த்தாள். பைண்டிங் கடைக்காரியின் கண்ணோடு பார்த்தாள். எல்லாம் நல்ல தாள், ஆனால் ஓரம் எல்லாம் கேவலம். சிலது எலி கடித்தது போலப் பிசிறு. சிலதில் பழுப்பு. படம் ஒரு பக்கம் கிடக்கிறது, சுற்றி ஒரு பக்கம் நாலு விரல் வெள்ளை, ஒரு பக்கம் ஆறு விரல். கீழே பென்சிலில் கிறுக்கல், எண், ஒரு சாய்ந்த கோடு, இன்னோர் எண். வெட்டாமல் விட்ட தாள்கள். இப்படியா பெரிய இடத்துக்கு அனுப்புவது? கல்யாணத்துக்குப் போகிற பெண்ணைத் தலை வாராமல் அனுப்புகிற மாதிரி.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. படம் போட்ட தாளில் ஓரத்தில் வெள்ளை தெரிந்தால் வெட்டினவள் கை சரியில்லை. ஓரத்துப் பென்சில் என்பது வெட்டுகிறவளுக்கான குறி. வெட்டினதோடு அதுவும் கழிவுக் காகித மூட்டைக்குப் போய்விடும். குறியோடு ஒரு தாள் வெளியே போனால் முதலாளி அதை அவள் மூஞ்சியிலேயே விட்டெறிவார். அப்படி ஒருதரமும் அவளுக்கு நேர்ந்ததில்லை.

கடை விடுமுறை நாளில் முதலாளியிடம் சொந்த வேலை என்று சொல்லிச் சாவி வாங்கினாள். தம்பி வேனில் கொண்டுபோய் இறக்கினான். "நான் ஒரு கை புடிக்கவா அக்கா?" என்றான். "நீ தொட்டா விளங்கும். போயி டீ வாங்கிட்டு வா" என்று விரட்டிவிட்டாள். பிளேடைப் புதிதாகச் சாணை பிடித்து மாட்டினாள். மெஷினின் அமுக்குக் கட்டை நேரே இறங்கினால் தாளில் தடம் விழும் என்று ஒவ்வொன்றுக்கும் மேலே ஓர் அட்டை, கீழே ஓர் அட்டை வைத்தாள். கற்றையாக அடுக்கி ஒரே வீச்சில் முடித்திருக்கலாம். அவள் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொன்றாக, படத்தின் விளிம்பைக் கண்ணால் பிடித்து, தட்டி ஒதுக்கி, இரண்டு கையாலும் பொத்தானை அழுத்தினாள். பிளேடு இறங்கும்போது ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம் வரும். நாலு பக்கமும் நாலு பெருமூச்சு. ஓடிப்போன சிவப்பு. மாமியார். கரண்ட் போச்சு. வெள்ளை தெரியவே இல்லை.

தூங்குற நீலத்தில் கொஞ்சம் தயங்கினாள். மேலே இருந்த வெறுமை படமா, ஓரமா? மேல் பக்கத்தை விட்டுவிட்டுக் கீழும் பக்கங்களும் மட்டும் வெட்டினாள். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அடுத்த விடுமுறைக்கும் போனாள். முடிந்தபோது இடுப்பு விட்டுப் போயிருந்தது. மனசு நிறைந்திருந்தது. அவருடைய தாள்களில் அவள் கையும் பட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அவர் அச்சடிக்க அவள் வெட்டின பழைய நாள் மாதிரி.

அவர் வீட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது, "எல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு. அவங்க வர அன்னைக்குப் பாருங்க."

"என்ன பண்ணி வெச்சிருக்க?"

"பாருங்களேன் அன்னைக்கு. அதுக்குள்ள என்ன அவசரம், உங்க மாமியாரு எங்கயும் ஓடிடல."

அவர் சிரித்து, இருமி, விட்டுவிட்டார். எழுந்து நடக்கிற நிலையிலும் இல்லை.

இதுதான் அன்றைக்கு முன்னால் நடந்தது.

அம்மையார் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டார். மீசைக்காரர் பெட்டியைத் திறந்து மெல்லிய தாள்களை எடுத்து வைத்தார். மசிக்காரரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். பிளேடக்கா கதவோரம் நின்றாள்; புதுச் சேலை. தட்டில் டீயும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு மகள் அவளுக்குப் பின்னால்.

"முதல்ல அந்தச் சிவப்பு" என்றார் அம்மையார். "ஒரு வருஷமா அதுதான் கண்ணுல நிக்குது."

பிளேடக்காவே இழுப்பறையை இழுத்தாள்.

அம்மையார் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. தாளை மெல்லத் தூக்கினார், திருப்பினார், மறுபடி திருப்பினார். அடுத்ததைப் பார்த்தார். அடுத்த இழுப்பறை. அதற்கடுத்தது. கையுறை வேகமாக வேலை செய்தது. மீசைக்காரர் ஏதோ கேட்க வாயைத் திறந்து மூடிக்கொண்டார்.

"சார்," என்றார் அம்மையார். "இதெல்லாம்... எப்போ?"

"என்ன எப்போ?"

அவர் தாளை மசிக்காரரின் மடியில் வைத்தார்.

மசிக்காரர் கொஞ்ச நேரம் அது என்ன என்றே தெரியாதவர் போலப் பார்த்தார். வேறு யாருடைய தாளோ என்று நினைத்திருக்கலாம். பிறகு கட்டை விரலை ஓரத்தில் வைத்து ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஓட்டினார். நாலு பக்கமும் ஓட்டினார். உருளை மட்டும் புஸ் புஸ் என்று பேசிக்கொண்டிருந்தது.

"நூல் பிசகல," என்றார்.

பிளேடக்காவின் முகம் மலர்ந்தது. அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் அது பாராட்டாகக் கேட்டது.

"ரெண்டு லீவு நாள் ஆச்சு," என்றாள். "ஒண்ணொண்ணாத்தான் வெட்டினேன். அட்டை வெச்சு. ஒரு தடம் விழல, பாருங்க. எல்லாம் பிசிறு பிசிறா கெடந்துச்சு. பென்சில் கிறுக்கல் வேற."

மகள் தட்டைக் கீழே வைத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள், நிற்கவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். தம்பி அவள் கையைப் பிடித்து, "ஏய், என்ன இது, சும்மா இரு" என்றான். அவள் சிரித்துக்கொண்டே சமையலறைக்குப் போனாள். அங்கே அது அழுகையாக மாறியது எல்லோருக்கும் கேட்டது.

"என்னாச்சு?" என்றாள் பிளேடக்கா. யாரைக் கேட்பது என்று தெரியாமல் மீசைக்காரரைக் கேட்டாள்.

அவர் பாவம், அம்மையாரைப் பார்த்தார். அம்மையார்தான் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. "அம்மா, அந்தப் பென்சில் அவங்க போட்ட கையெழுத்து. பக்கத்துல இருந்த நம்பர், எத்தனை தாள் எடுத்தாங்க, அதுல இது எத்தனாவதுன்னு. அந்தப் பிசிறு, காகிதம் செஞ்சபோதே வந்த ஓரம். அந்த வெள்ளையும் சேர்ந்ததுதான் படம்."

"வெள்ளையா?"

"ஆமாம்மா."

"வெள்ளை... ஒண்ணும் இல்லாத வெள்ளையா?"

அம்மையார் கையுறையைக் கழற்றினார். கழற்றும்போதே விஷயம் முடிந்துவிட்டது. ஆனாலும் சொன்னார். "சார், நான் தனியா முடிவு பண்ற ஆளு இல்ல. ஆனா கேட்டா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும். இப்படி இருக்கறத எடுத்துக்க மாட்டாங்க. உங்ககிட்ட பொய் சொல்லி நம்பிக்கை குடுக்க எனக்கு மனசில்ல."

"ஒண்ணுகூடவா?" என்றான் தம்பி.

"ரெண்டு மூணுல படத்துக்குள்ளயே பேரு எழுதியிருக்கு. ஆனா அதுவும் ஓரம் போனதுதான்."

"சரிங்க," என்றார் மசிக்காரர். "மழை வர மாதிரி இருக்கு. கெளம்புங்க."

டீயை யாரும் குடிக்கவில்லை. மசிக்காரரை நாற்காலியோடு கூடத்துக்குத் தூக்கி வைத்தார்கள். வாசலில் அம்மையார் பிளேடக்காவின் தோளில் கை வைத்துவிட்டுப் போனார். அந்தக் கை அவளுக்கு அடியைவிட மோசமாக இருந்தது.

அவர்கள் வண்டி திரும்புவதற்குள் பிளேடக்கா தம்பியைப் பிடித்து இழுத்தாள். "வேன எடு. துண்டு மூட்டையில இருக்கும்."

"எந்த மூட்டை?"

"வெட்டுத் துண்டுடா! எடுடா வேன!"

கடையில் மூட்டை இல்லை. வாரக் கடைசியில் காகிதக் கிடங்குக்குப் போய்விட்டது என்றார் முதலாளி. கிடங்கு ஊருக்கு வெளியே, ஆற்றை ஒட்டி. போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே பாதி, கூரைக்கு வெளியே பாதி என்று மூட்டைகள் மலை மாதிரி கிடந்தன. கிடங்குக்காரர் பீடியை அணைக்காமலே வந்தார்.

"வெட்டுத் துண்டா? இங்க கெடக்கறதெல்லாம் வெட்டுத் துண்டுதாம்மா. தங்கம் கிங்கம் விழுந்துடுச்சா?"

"பென்சில் எழுத்து."

"என்னது?"

"பென்சில்ல எழுதினது. துண்டுல."

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி, "அண்ணே, கேக்காதீங்க. கொஞ்சம் தேட விடுங்க" என்றான்.

"தேடுங்க, எனக்கென்ன. அந்தக் கடை மூட்டைல பாதி காலையிலயே தொட்டிக்குப் போயிடுச்சு. அதோ, கூழா சுத்துது பாருங்க. அதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுச் சொல்லுங்க."

பிளேடக்கா மூட்டையைக் கிழித்தாள். நோட்டுப் புத்தகத் துண்டு, விளம்பரத் துண்டு, மருந்துப் பெட்டித் துண்டு, மருந்துப் பெட்டித் துண்டு, நோட்டுப் புத்தகம். அவள் கண்ணால் தேடவில்லை, விரலால் தேடினாள். கனத்த காகிதம் விரலுக்குத் தெரியும். நனைந்து பசையாக ஒட்டிக்கொண்ட ஒவ்வொன்றையும் பிரித்தாள். பென்சில் தெரிந்த முதல் துண்டை எடுத்தபோது வாய்விட்டுக் கத்தினாள். தம்பி கையை நீட்டினான். "நடுவுல தொடாத! ரெண்டு பக்கமும் புடி!" என்று அவன் கையைத் தட்டிவிட்டாள்.

இருட்டுவதற்குள் ஒரு கைப்பிடி கிடைத்தது. மிச்சம் தொட்டியில் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா, போதும் வா."

"இன்னும் ஒரு மூட்டை."

"வாக்கா. நீ சாவாத, வீட்டுல ஏற்கெனவே ஒரு ஆளு வரிசையில நிக்கறாரு."

அவன் அதைச் சொல்லி முடித்ததும் இருவரும் சிரிக்கவில்லை.

வீட்டில் மசிக்காரர் கூடத்து நாற்காலியில் அப்படியே இருந்தார். அவள் துண்டுகளைத் துணியில் ஒற்றி எடுத்து, அவர் காலடியில் வரிசையாக வைத்தாள்.

"கெடைச்சுது. எல்லாம் இல்ல. எது எதோடதுன்னு பார்த்து ஒட்டிடலாம். நல்ல பசை இருக்கு, மஞ்சளடிக்காது."

அவர் குனிந்து பார்க்கவில்லை.

"எனக்குக் கையெழுத்துக்காக இல்ல," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே உருளை மூச்சு விட்டது. "விலைக்காகவும் இல்ல. கல்லுல அத்தனையும் பண்ணிட்டு, தாள எடுத்துப் பார்த்து, போதும்னு கைய எடுக்கறான் பாரு, அந்த இடம் அது. நீ படத்த வெட்டல. போதும்னு சொன்ன இடத்த வெட்டிட்ட."

அவளுக்குள் ஏதோ ஒன்று அப்போதுதான் அறுந்தது. கிடங்கில் அறுந்திருக்க வேண்டியது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன?"

"கையக் கழுவுன்னு சொன்னீங்க. பூச்சி பாருன்னு சொன்னீங்க. சிவப்பப் பத்தி, கறுப்பப் பத்தி, எனக்குத் தூக்கம் வர்ற வரைக்கும் பேசியிருக்கீங்க. இந்த வெள்ளையப் பத்தி ஒரு வார்த்தை சொன்னீங்களா? ஒரே ஒரு வார்த்தை?"

"அத சொல்லணுமா?"

"சொல்லணும்! நான் யாரு? என் வேல என்ன? ஆயுசு பூரா என்ன வெட்டினேன்? உங்களுக்குத் தெரியாதா?"

அவர் அவளைப் பார்த்தார். கோபம் இல்லை. கோபம் இருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு முனை கிடைத்திருக்கும்.

"தெரியும்," என்றார். "மறந்துட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டு மகள் கூடத்துக்கு வந்தாள். தம்பி அவளைப் பஸ் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு.

"நீயும் வாம்மா. ரெண்டு நாள் இருந்துட்டு வா. மாமா இங்க பாத்துப்பாரு."

"நான் எதுக்கு?"

"அம்மா, வா."

"துண்டு காயுது. நீ போ. போயிட்டுப் போன் பண்ணு."

மகள் அப்பாவின் நாற்காலிக்கு முன்னால் நின்றாள். "வரேன்பா." அவர் தலையை அசைத்தார். அவள் போகிற வழியில் திறந்து கிடந்த அறைக்குள் ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். வேன் போயிற்று.

"சாவி," என்றார் மசிக்காரர்.

இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் பேச்சு.

ரொட்டியைப் பாலில் நனைத்து அவருக்குக் கொண்டுவந்து வைத்தாள். தொடவில்லை. அவளும் சாப்பிடவில்லை. காய்ந்த துண்டுகளைத் தட்டில் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய், விளக்கு வெளிச்சத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். இழுப்பறைகளைத் திறந்து தாள்களைச் சுற்றிலும் பரப்பினாள். ஒவ்வொரு துண்டாக, ஒவ்வொரு தாளாக வைத்துப் பார்த்தாள். பெரும்பாலானவை எதோடும் சேரவில்லை. மழை பட்டதில் சில துண்டு சுருங்கியிருந்தது. சிலதில் பென்சில் போய்ச் சாம்பல் தீற்றல்தான் மிச்சம்.

தூங்குற நீலத்தின் கீழ் ஓரம் கிடைத்தது. வைத்தாள். வெட்டு அவ்வளவு சுத்தம், சேர்த்து வைத்ததும் கோடே தெரியவில்லை. கீழே வெள்ளையில் சின்னதாக, சாய்வாக, யாரோ ஒருவருடைய கை. அந்த வெள்ளை வந்ததும் நீலம் நிஜமாகவே படுத்துக்கொண்டது போல இருந்தது. இதுநாள் வரை அது எதன் மேல் படுத்திருந்தது என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. மூச்சு விட்டாள். துண்டு நகர்ந்து விலகிக்கொண்டது.

சக்கர வண்டியின் கிறீச் சத்தம் கூடத்தில் கேட்டது. நாற்காலியைப் பிடித்து, சுவரைப் பிடித்து, உருளையை இழுத்துக்கொண்டு அவர் அறை வாசல்படிக்கு வந்தார். எவ்வளவு நேரம் பிடித்ததோ. நிலையில் சாய்ந்து நின்று அறையைப் பார்த்தார். திறந்த இழுப்பறைகள், தரை முழுக்க ஓரமில்லாத தாள்கள், நடுவில் அவள்.

அவள் துண்டை மறுபடி நீலத்தோடு சேர்த்து விரலால் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"பாருங்க," என்றாள். "இது சேருது."

அவர் பார்த்தார். அவள் விரலையும் பார்த்தார், அவள் முகத்தையும் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு கையை வெளிப்பக்கம் நீட்டி விளக்கை அணைத்தார். கதவைச் சாத்தினார்.

இருட்டில் அவள் அசையவில்லை. விரல் துண்டின் மேலேயே இருந்தது. சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. இன்னொரு சுற்று. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான்; அவள் கூப்பிடவில்லை. வெளியே அவர், தினமும் செய்கிற மாதிரி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.